தாமஸ் ஹேலின் கொழுந்தியாள்

மதிவாணன் காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிடுவான். மோட்டார் போடுவான். தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டதும் நிறுத்துவான். பல் தேய்ப்பான். வாசலில் தண்ணீர் தெளிப்பான். கோலம் போடத் தெரியாது, அதனால் போடுவதில்லை. ஆறு மணிக்குப் பால்காரர் சாரங்கபாணி வந்து சைக்கிள் மணியை அடிப்பார். இவன் பாத்திரத்தை நீட்டுவான். அவர் ஒரு லிட்டர் ஊற்றுவார். ஒண்டி ஆளுக்கு ஒரு லிட்டர் எதற்கு என்று அவர் கேட்டதில்லை. இவனும் சொன்னதில்லை. காபிக்குப் போக மிச்சத்தை உறை ஊற்றுவான். நேற்றைய தயிர், முந்தாநாள் தயிர், அதற்கும் முந்தையது என்று ஃப்ரிட்ஜில் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். இருப்பதில் மூத்ததை எடுத்துப்போய்க் கொல்லையில் தென்னைக்கு ஊற்றுவான். அந்த வருஷம் குடவாசலில் எல்லா மரமும் காய்ப்பைக் குறைத்துக்கொண்டது. இவன் வீட்டு மரம் மட்டும் குலை தள்ளியது.

ஏழரைக்குக் கும்பகோணம் பஸ். அங்கே ஒரு கல்லூரியில் அவன் வரலாறு நடத்துகிறான். பாடம் நடக்கும்போது பிள்ளைகள் போனைப் பார்ப்பார்கள். மனைவி வானதி இறந்த புதிதில் ஒரு மாதம் மட்டும் மரியாதைக்காக இவனைப் பார்த்தார்கள். பிறகு பழையபடி ஆயிற்று. அது அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆவணி மாதம் இந்த வழக்கத்தில் ஒரு வேலை கூடியது. இங்கிலாந்தில் இருக்கிற ஒரு மதுக்கடைக்கு வரலாறு எழுதுவது.

கேட்டது பிரபு. வானதியின் அண்ணன். தஞ்சாவூரில் கேட்டரிங் படித்துவிட்டு இங்கிலாந்துக்குப் போய், பல ஓட்டல் அடுப்படிகளில் வெந்து, இப்போது ஒரு சிற்றூரில் பழைய பப் ஒன்றை ஒரு கூட்டாளியோடு குத்தகைக்கு எடுத்திருந்தான். பீரும் மசால் தோசையும் சேர்ந்து விற்பது திட்டம். திறப்பு விழா மட்டும் நிற்கிறது. தங்கை செத்த வருஷம் கழியாமல் புதுக்கடை திறக்கக் கூடாது என்று அம்மா தங்கமணி சொல்லிவிட்டாள். இங்கிலாந்து அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்துவிட்டது. தங்கமணி கொடுக்கவில்லை.

"மாப்ள, நீங்க ஹிஸ்டரிதானே?" என்றான் பிரபு போனில்.

"ஆமா மச்சான்."

"இங்க பழைய பப்புலல்லாம் செவுத்துல ஃபிரேம் போட்டு ஒரு ஹிஸ்டரி மாட்டியிருப்பாங்க. எப்ப கட்டுனது, யார் யார் நடத்துனாங்க, எந்த ராஜா வந்து தங்குனாரு, எந்தப் பேய் நடமாடுது. நம்ம பப்புல ஆணி மட்டுந்தான் இருக்கு. பழைய ஆளு போவும்போது ஃபிரேமக் கழட்டிட்டுப் போயிட்டான்."

"ராஜா வந்தாரா?"

"நீங்க வரச் சொன்னா வருவாரு."

"எனக்கு அந்த ஊரே தெரியாது மச்சான்."

"ஊருல ஹிஸ்டரி சங்கம்னு ஒண்ணு இருக்கு. ரிட்டயர் ஆன அம்மா ஒண்ணு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கு. அனுப்பச் சொல்றேன். நீங்க கோத்துக் குடுங்க. உங்களுக்கும் பொழுது போவும்ல?"

பொழுது போகவில்லை என்று மதிவாணன் யாரிடமும் சொன்னதில்லை. சரி என்றான். மறுக்க ஒரு காரணம் சொல்லவேண்டும். அதைவிடச் சரி என்பது சுலபம்.

பப்பின் பெயர் வீட்ஷீஃப். கதிர்க்கட்டு என்று அர்த்தம். வாசலில் தொங்கும் பலகையில் கோதுமைக் கதிரைக் கட்டி நிறுத்தி வைத்தாற்போல ஒரு படம். பிரபு அதை வீட்டுக்கு அனுப்பியிருந்தான். தங்கமணி அதைக் குறுவை நெல் என்று எடுத்துக்கொண்டாள். முதல் அறுப்பில் ஒரு பிடி கதிரை நிலைப்படியில் கட்டுகிற வழக்கம் வெள்ளைக்காரனுக்கும் இருக்கிறது, அதனால் அது நல்ல இடம் என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள். அது சாராயக்கடை என்பதைச் சொல்லவில்லை. ஓட்டல் என்றே சொன்னாள்.

அடுத்த தெருவில் இருக்கிற மாமனார் துரைக்கண்ணுவுக்கு வேறு ஒரு விஷயம் பிடிபடவில்லை.

"மாப்ள, பப்ப நடத்துறவன அங்க என்னான்னு கூப்புடுவானுவ?"

"லேண்ட்லார்டு."

"கட்டடம் யாருது?"

"பீர் கம்பெனியோடது."

"அப்ப இவன் குத்தகைக்காரன்."

"ஆமா மாமா."

துரைக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாம மூணு தலமொறையாக் கோயில் நெலத்தக் குத்தகைக்கு உழுவுறோம். ஒரு பய நம்மள மிராசுதாருன்னதில்ல."

அந்த அம்மாள் அனுப்பிய காகிதங்கள் வந்துகொண்டே இருந்தன. லைசென்ஸ் பதிவுகள், மக்கள்தொகைக் கணக்கு, பழைய பத்திரிகைத் துண்டு, கல்லறைக் கற்களின் போட்டோ. மதிவாணன் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது படிப்பான். வீட்டுக்கு வந்து எழுதுவான். ராஜா எங்கேயும் வரவில்லை. பேயும் இல்லை. பப்பை நடத்தியவர்கள் மட்டும் இருந்தார்கள்.

முதல் ஆள் ஜான் பெக். 1761. குடியானவன். அவன் மனைவி சாரா காய்ச்சிய பீர் அக்கம்பக்கத்தில் பேர்பெற்றது. பீர் காய்ச்சியது அவள், லைசென்ஸ் வாங்கியது அவன் பேரில். சில வருஷத்தில் நிலவறைப் படியில் வழுக்கி விழுந்து செத்தான். அதற்குப் பிறகு சாரா முப்பது வருஷம் கடையை நடத்தினாள். படியைச் சரிசெய்ததாகத் தகவல் இல்லை.

அப்புறம் அவள் மருமகன். அவன் விற்றதைவிடக் குடித்தது அதிகம். ஈரல் வீங்கிச் செத்தான். அவன் மனைவி இருபது வருஷம் நடத்தினாள்.

அப்புறம் வில்லியம் கிராஃப்ட். இவன் மனைவி பிப்ரவரியில் இறந்தாள். மே மாதம் மறுகல்யாணம். மறுவருஷம் இரண்டாமவள் பிரசவத்தில் போனாள். அறுவடை முடிந்ததும் மூன்றாவது. அவளும் போனாள். மூவருக்கும் சேர்த்து ஒரே கல். மூன்று பெயருக்கும் கீழே, 'இவர்களின் அன்புக் கணவர்' என்று செதுக்கிப் பேருக்கு இடம் விட்டிருந்தது. இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அவன் நான்காமவளோடு வேறு ஊருக்குப் போய்விட்டான்.

அப்புறம் ஜார்ஜ் டன். மனைவி செத்த மறுவாரம் சாவியைப் பீர் கம்பெனியில் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். எங்கே போனான் என்று தெரியவில்லை.

மதிவாணன் எழுதியதைத் திரும்பப் படித்தான். புருஷன் செத்தால் பெண்டாட்டி கடையை நடத்தியிருக்கிறாள். பெண்டாட்டி செத்தால் புருஷன் கல்யாணம் செய்திருக்கிறான், இல்லாவிட்டால் ஓடியிருக்கிறான். அதை ஒரு வரியாக எழுதிச் சேர்த்தான். பிறகு, ஃபிரேமைப் பார்த்தபடி தோசை சாப்பிடுகிறவனுக்கு அது எதற்கு என்று அடித்துவிட்டான்.

தாமஸ் ஹேல் மட்டும் இந்தக் கணக்கில் வரவில்லை.

ஹேல் கடையை எடுத்தது 1869இல். மனைவி மேரி சீக்கிரம் இறந்துபோனாள். அவளுடைய தங்கை எல்லன் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்தாள். வந்தவள் திரும்பவில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் செத்த மனைவியின் தங்கையைக் கட்டுவது சட்டப்படி செல்லாது. சர்ச்சும் ஒத்துக்கொள்ளாது. மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் ஒரு முறை அவளை 'மனைவியின் தங்கை' என்று எழுதினார். அடுத்த முறை 'வீட்டு வேலை' என்றார். அதற்கடுத்த முறை மறுபடி தங்கை. 1907இல் சட்டம் மாறியது. இனி கட்டிக்கொள்ளலாம். ஹேலுக்கு எழுபதை நெருங்கிய வயது. அவர்கள் கட்டிக்கொள்ளவில்லை. நாலைந்து வருஷத்தில் ஹேல் இறந்தார். லைசென்ஸ் எல்லன் பேருக்கு மாறியது. அவளும் ரொம்ப வருஷம் நடத்தினாள்.

ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று அந்த அம்மாளிடம் கேட்டு எழுதினான். தெரியாது என்று பதில் வந்தது. மதிவாணனும் அப்படியே எழுதினான்: 'காரணம் தெரியவில்லை.'

எல்லனுக்குப் பிறகு வந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டு ஆட்கள். ஒருவருக்குப் போரில் கால் போயிருந்தது. ஒருவர் கால்பந்து ஆடியவர். கடைசித் தம்பதி கொரோனாவில் கடையை மூடி, பிறகு விவாகரத்து வாங்கிக்கொண்டார்கள். ஃபிரேமை எடுத்துப்போனது அந்தப் புருஷன்தான். கீழே கடைசி வரியாகப் பிரபுவின் பேரைப் போட்டுப் புரட்டாசி முதல் வாரம் அனுப்பி வைத்தான்.

பிரபு படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டு அதைத் தமிழில் சொன்னான். தவறு அங்கே ஆரம்பித்தது.

*

வானதி போன ஐப்பசியில் இறந்தாள். காய்ச்சல் என்று படுத்தாள், நெஞ்சில் இறங்கியது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். ஐ.சி.யூ.வுக்குள் போனதும் தொண்டையில் குழாய் வைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கண் திறந்ததுகூட அபூர்வம். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்தில் தங்கமணி அழுதுகொண்டே, "எம்பொண்ணு போறப்ப ஷோபனாவையே பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்றாள். ஷோபனா வானதியின் தங்கை. ஐ.சி.யூ.வில் அவளும் அம்மாவோடு நின்றாள். பார்த்திருக்கலாம். தை மாதம் பொங்கல் வைக்காத வீட்டில் உட்கார்ந்து, "ஷோபனாவப் பாத்துட்டு மாப்ளையப் பாத்துச்சு" என்றாள். மதிவாணன் அந்தச் சமயம் மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தான். பங்குனியில் வானதி ஷோபனாவின் கையைப் பிடித்திருந்தாள். ஆடியில் வாய் திறந்து பேசிவிட்டாள். "அம்மா, அவர ஷோபனா கையில ஒப்படைச்சிடும்மா." தொண்டைக்குழாய் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

மதிவாணனும் கேட்கவில்லை. தங்கமணிக்கு அது தேவையாக இருந்தது. சாகிற பெண் ஒன்றுமே சொல்லாமல் போவது எந்த அம்மாவுக்கும் ஆகாது. அவன் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது பிரபு சொன்ன ஹேல் கதை தங்கமணி காதில் விழுந்தது. சொல்லும்போது பிரபு கொஞ்சம் கைச்சரக்கும் சேர்த்தான். வெறும் 'காரணம் தெரியவில்லை'யை வைத்துக்கொண்டு அவனால் கதை சொல்ல முடியாது. தமிழில் மேரி சாகும்போது தாமஸ் கையையும் எல்லன் கையையும் சேர்த்து வைத்தாள். பாவம், சட்டம் விடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். சட்டம் விட்டபோது உடம்பு விடவில்லை.

தங்கமணி போனைக் கீழே வைத்தாள். நேரே துரைக்கண்ணுவிடம் போனாள்.

"மாப்ள சம்மதம் சொல்லிட்டாருங்க."

"எப்ப?"

"எழுதி அனுப்பியிருக்காரு. வாயால கேக்கக் கூச்சமா இருக்காதா? ஒரு வெள்ளக்காரன் கதையா எழுதி விட்டுருக்காரு. படிச்சவுங்க அப்புடித்தான் சொல்லுவாங்க."

"வேற எதாச்சும் சொன்னாரா?"

"வேற என்னாங்க சொல்லணும்? வருஷம் பூரா ஒண்டி ஆளு ஒரு லிட்டரு பாலு வாங்குறாரு. எதுக்கு வாங்குறாரு? வீட்டுக்கு ஆளு வரணும்னு மனசுல இருக்கு."

துரைக்கண்ணு யோசித்துப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் எந்தச் சம்பந்தமும் நேராகக் கேட்டு முடிந்ததில்லை. அவர் கல்யாணத்துக்கே அவர் அப்பா பெண் வீட்டுக்குப் போய், எருமை விலைக்கு வருமா என்றுதான் பேச்சைத் தொடங்கினார். அதனால் அவருக்கு இது பொருத்தமாகவே பட்டது.

*

ஷோபனா தஞ்சாவூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். கண்ணாடிப் பவர் பார்க்கிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முன்னறிவிப்பு இல்லாமல் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். நேரே சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"என்ன மாமா இது? தயிர்க் கண்காட்சியா?"

"பால் வருது."

"வந்தா? வேணாம்னு சொல்ல வாய் இல்லையா?"

அவள் ஒரு சொம்பில் தயிரை ஊற்றி மோராக்கி, உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். தானும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஓகே சொல்லிட்டீங்களாமே."

"யார்கிட்ட?"

"தாமஸ்கிட்ட."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "அது பப்போட ஹிஸ்டரி" என்றான்.

"எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது நீங்க போட்ட மனு. திதிக்கு மறுநாள் முகூர்த்த நாளாம். வெத்தல பாக்கு மாத்தப் போறாங்க. திதிக்கு வர்ற அண்ணன் திரும்பிப் போறதுக்குள்ள முடிச்சிட்டு, தை பொறந்ததும் கல்யாணம். எனக்குப் பொடவை எடுத்தாச்சு. பச்சைக் கலரு. மேல வச்சுப் பாத்தா எனக்கே காமாலையான்னு டவுட்டு வருது."

"உனக்கு இஷ்டமா?"

"இப்பவாவது ஒருத்தர் கேட்டீங்களே." டம்ளரைக் கீழே வைத்தாள். "இஷ்டம் இல்ல மாமா. உங்கமேல ஒண்ணும் இல்ல. அக்கா சட்டையப் போடுறதே எனக்குப் பிடிக்காது, சின்னதுலேருந்து. எனக்கு அளவும் சரியா வராது. ஆனா நான் சொன்னா எடுபடாது. செத்தவ வார்த்தைய மீறுறியான்னு அம்மா அழும். அப்பா எழுந்து வயலுக்குப் போயிடும்."

"ம்."

"ம் இல்ல. அக்கா அப்புடிச் சொல்லுச்சா? ஸ்ட்ரெச்சரோட நீங்கதான போனீங்க. நாங்க பின்னால கார்லதான வந்தோம். கடைசியா அதுகிட்டப் பேசுனது நீங்க."

மதிவாணன் மோரைக் குடித்தான். உப்பு அதிகம்.

"சொல்லுச்சா, சொல்லலையா? எது தெளிவா இருக்கு? இதுவா, அதுவா?" கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"சொல்லல."

"அப்ப என்ன சொல்லுச்சு?"

அவன் சொல்லவில்லை. அவள் வண்டிச் சாவியை எடுத்தாள்.

"எங்கிட்ட வேணாம். எங்கிட்டச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அம்மாகிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நிக்கும். இல்லாட்டி தை மாசத்துலேருந்து தெனம் இந்த மோருதான்."

அவள் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தான். சொல்லிவிடலாம். சொல்வதில் கஷ்டம் ஒன்றும் இல்லை, ஒரே வாக்கியம். ஆனால் அது ரொம்பச் சின்ன வாக்கியம். தங்கமணி ஒரு வருஷமாகக் கட்டிக்கொண்டு வந்ததை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க அது போதாது. அவனிடம் அதைத் தவிர வேறு இல்லை. அதையும் கொடுத்துவிட்டால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

*

பிரபு திதிக்கு முந்தின நாள் வந்தான். திருச்சியில் இறங்கி, வழியில் ஸ்வாமிமலைக்குப் போய்ப் பார் கவுன்ட்டரில் வைக்க ஒரு பிள்ளையார் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். மழை விட்டு விட்டுப் பெய்தது. அறுத்த குறுவை நெல்லைத் தார்ச்சாலையில் காயப்போட்டவர்கள் தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்கள். திதி குறையில்லாமல் நடந்தது. வானதிக்குப் பிடித்த சேப்பங்கிழங்கு வறுவலும் வைத்தார்கள். ஐயர் சொன்னதையெல்லாம் மதிவாணன் திருப்பிச் சொன்னான். காக்கா வந்து எடுத்தது. வந்தவர்கள், வருஷம் ஓடியதே தெரியவில்லை என்றார்கள். மதிவாணனுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் சாரங்கபாணி வந்து ஒரு லிட்டர் ஊற்றினார். வீட்டில் ஆட்கள் இருந்ததால் அன்று ஒரு துளி மிஞ்சவில்லை. பத்து மணிக்குக் குளித்துவிட்டு வந்தபோது கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. அதன்மேல் தட்டுகள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள், பூவன் சீப்பு. ஒன்றில் பச்சைப் புடவை. ஷோபனா ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போகிற சுடிதாரில் சுவரோரமாக நின்றாள். சுவரில் வானதி போட்டோவில் நேற்றைய மாலை.

"வாங்க மாப்ள, இப்புடி உக்காருங்க" என்றார் துரைக்கண்ணு. பிரபு சிரித்துக்கொண்டே ஒரு பார்சலைப் பிரித்தான்.

"மொதல்ல இதப் பாருங்க. இங்கிலாந்துலயே ஃபிரேம் போட்டாச்சு. அப்பா அம்மாகிட்டக் காட்டணும்னு தூக்கிட்டு வந்தேன்."

தேக்கு நிறச் சட்டத்துக்குள் வீட்ஷீஃபின் வரலாறு. மதிவாணன் வாங்கிப் படித்தான். மூன்றாம் வரியில் ஒரு ராஜா வந்து தங்கியதாகச் சொல்லப்பட்டது.

"யார் சொன்னது மச்சான்?"

"நான்தான். சொல்லப்படுகிறதுன்னு போட்டா யாரு மாப்ள கேக்கப் போறா?"

ஹேலின் பத்திக்கு வந்தான். அங்கே மேரி ஒரு மாலை நேரத்தில் செத்துக்கொண்டிருந்தாள். தாமஸின் கையை எடுத்து எல்லனின் கையில் வைத்து, 'இவரைப் பார்த்துக்கொள்' என்றாள். இப்போதும் மாடிப்படியில் அவள் நடமாடுகிறாள்.

"இது எங்க இருக்கு?"

"சும்மா ஒரு டச்சிங்குக்குப் போட்டது."

"மேரி இப்படிச் சொல்லல."

"சொல்லலன்னு யாருக்குத் தெரியும்? நூத்தம்பது வருஷம் ஆச்சு. அங்க இருந்தது யாரு?"

"ஹேல் இருந்தான்."

பிரபு சிரித்தான். "அவன் வந்து கேக்கவா போறான்?"

"அவனுக்குத் தெரியும்" என்றான் மதிவாணன்.

தங்கமணி பேச்சை இந்தப் பக்கம் திருப்பினாள். "அந்தத் தொரை கதை இருக்கட்டும்டா. நேரம் போவுது. மாப்ள, நீங்க ஒண்ணும் பேச வேணாம், நீங்க எழுதுனதுலயே எல்லாம் புரிஞ்சிபோச்சு. அவுங்கள மாரி காத்துக் கெடக்கணும்னு நமக்கு எந்தச் சட்டமும் இல்ல. எம்பொண்ணு போறப்ப வாயத் தொறந்து சொல்லிட்டுப் போன வார்த்தை. அதுக்குத்தான் இந்தத் தட்டு. ஏங்க, எடுத்துக்குடுங்க."

துரைக்கண்ணு தட்டைத் தூக்கினார். தேங்காய் கொஞ்சம் உருண்டது.

மதிவாணன் ஃபிரேமைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"அவ அப்படிச் சொல்லல அத்தை."

துரைக்கண்ணு கையில் தட்டு அப்படியே நின்றது.

"என்னா மாப்ள சொல்றீங்க?"

"வானதி அப்படிச் சொல்லல. உள்ள போனப்புறம் அவ பேசவே இல்ல. குழாய் இருந்துச்சு. நான் எழுதுனது பப் கதைதான். எனக்காக எழுதல. ஷோபனாவுக்கு இதுல இஷ்டம் இல்ல. எனக்கும் இல்ல."

அந்த வருஷத்தில் அவன் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் அதிகம்.

"டேய் பிரபு, என்னாடா இது?" என்றாள் தங்கமணி. பிரபு ஃபிரேமைப் பார்த்தான். ஃபிரேமை விட்டுவிட்டுப் பிள்ளையாரைப் பார்த்தான்.

ஷோபனா சுவரை விட்டு வந்தாள். அப்பா கையிலிருந்த தட்டில் ஒரு பழத்தைப் பிய்த்து உரித்தாள்.

"என்னாடி பண்றே? தாம்பூலத் தட்டுடி அது!"

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடலம்மா" என்று சொல்லிக்கொண்டே வாயில் போட்டாள்.

துரைக்கண்ணு தட்டைக் கீழே வைத்தார். மதிவாணனைப் பார்த்தார், ஷோபனாவைப் பார்த்தார். சீப்பில் காலியான இடத்தையும் பார்த்தார்.

"பொடவையக் கடையில திருப்பி எடுத்துக்குவானா?" என்றார் பிரபுவிடம்.

"எடுத்துக்குவாம்பா. பில்லு இருக்கு."

"அப்ப எல்லாத்தயும் உள்ள எடுத்து வைங்க. ரெண்டு பேருக்கும் இஷ்டம் இல்லங்குறப்ப நாம என்னாத்த மாத்துறது?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பினார்.

பிரபுவும் ஷோபனாவும் தட்டுகளை உள்ளே கொண்டுபோனார்கள். ஜமக்காளத்தில் தங்கமணி மட்டும் மிஞ்சினாள். அவள் அழுவாள் என்று மதிவாணன் எதிர்பார்த்தான். அவள் அழவில்லை. முந்தானையால் ஜமக்காளத்தில் சிந்தியிருந்த மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"குழா இருந்துச்சுதான்" என்றாள், அவனைப் பார்க்காமல். "எனக்குத் தெரியாதா? நானும் பாத்தேனே."

மஞ்சள் போகவில்லை. அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

"அப்ப எம்பொண்ணு ஒண்ணுமே சொல்லாமத்தான் போச்சா மாப்ள?"

மதிவாணன் அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"சொன்னா."

தங்கமணி தலையைத் தூக்கினாள். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"ஐ.சி.யூ. வாசல்ல ஸ்ட்ரெச்சர நிறுத்துனாங்க அத்தை. உள்ளேருந்து கதவத் திறக்க ஆள் வரணும்னாங்க. கொஞ்ச நேரம் நின்னோம். நீங்க எல்லாம் இன்னும் வரல. மூஞ்சியில மாட்டியிருந்த மாஸ்க்க அவளே ஒரு கையால கீழ இறக்குனா. நர்ஸ் திட்டுச்சு. இவ காதுல வாங்கல. என்னைக் கிட்ட வரச் சொன்னா. நான் குனிஞ்சேன்."

"என்னா சொல்லுச்சு?"

"'பால்காரர்கிட்ட, நாளையிலேருந்து அரை லிட்டர் போதும்னு சொல்லிடுங்க.'"